ஒரே கட்டம்

விண்ணப்பத்தில் தாய்மொழிக்கு
ஒரே கட்டம்.
நிமியா கபான்யாஸ் ஸ்பானியம் என்று எழுதினாள்.
அதற்கு முன் குவாரனியின் முதலெழுத்தைப் போட்டு
மை கசிந்ததைப் போல அடித்திருந்தாள்.

என்கர்னசியோனில் ஒரு டயர் கடைக்கு மேல் வகுப்பு.
செவ்வாய், வியாழன், இரவு ஏழரை.
கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓய்ந்தால்தான்
தெர்லிஸ் வாத்தியாரின் குரல் கேட்கும்.
பரனா ஆற்றுப் பாலம் கடந்து
பொசாதாஸிலிருந்து வருவான் லெயாந்த்ரோ,
ஒற்றை மொழிக்காரன்.
வாக்கியம் முழுதாய்த் தேறும்வரை
வாயைத் திறக்கமாட்டான்.

நிமியா திறப்பாள்.
ஆறு வயதில், பள்ளியின் முதல் நாள்,
கழிப்பறைக்கு ஸ்பானியத்தில் என்ன சொல் என்று தெரியாமல்
பெஞ்சிலேயே நனைந்தவள்.
அதைவிடப் பெரிய பிழை
ஆங்கிலத்தின் கையில் இல்லை.

கேள்வி கேட்கும் பாடம் வந்தது.
'யூ ஒர்க் ஹியர்?' என்று
குரலின் கடைசியை மட்டும் தூக்கினான் லெயாந்த்ரோ.
ஸ்பானியத்துக்கு அது போதும்.
முன்னால் ஒரு 'டூ' போடு என்றார் வாத்தியார்.
அர்த்தமே இல்லாத சொல், அது எதற்கு?
அவன் விடவில்லை.
நிமியா சிரித்துவிட்டாள்.
அது எங்கள் 'பா'.
வந்தாயா என்பதில் உனக்கும் எனக்கும் ஒரு ஆ ஒட்டியிருக்கிறதே
அதைப்போல வினைக்குப் பின்னால் வரும் பா.
குவாரனியில் வாலாட்டிக்கொண்டு வருவது
இங்கே மோப்பம் பிடித்து முன்னே ஓடுகிறது.
நாய் அதே நாய்.

எல்லாம் இப்படி வாய்க்கவில்லை.
'ஹேவ்' அவளிடம் தங்கவே மறுத்தது.
என் மகன் என்றாலே
எனக்கு மகன் உண்டு என்றாகிவிடும் மொழி ஒன்று,
அதற்கெனத் தனி வினை வைத்திருக்கும் மொழி இன்னொன்று.
அவசரத்தில் கைக்கு எது வரும் என்று யார் சொல்வது?
'மை சன் த்ரீ' என்று எழுதினாள்.
மகன்கள் மூவரா, மகனுக்கு வயது மூன்றா?
ஓரத்தில் சிவப்பாய் ஒரு கொக்கி.
சில இரவுகளில் மூன்று மொழியும் கூடி நின்று
எதிரில் இருக்கும் மேசைக்குக்கூடப்
பெயர் தராது.

அப்புறம் 'வீ'.
லெயாந்த்ரோவுக்கு அரை நிமிடத்தில் முடிந்தது.
நிமியா பக்கம் புரட்டி
இன்னொன்றைத் தேடினாள்.
கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் ஞந்தே.
வெளியே நிறுத்தினால் ஒரே.
உன் காதில் அது ஒற்றையென்று விழும்,
அவளுக்கு அது நாங்கள்.
ஸ்பானியத்தில் ஏற்கெனவே தொலைத்ததுதான்.
இங்கும் கிடையாது என்று தெரிந்ததும்
வாடகை வீட்டில் அலமாரி இல்லையா, சரி
என்பதுபோல நோட்டை மூடினாள்.

ஏப்ரலில், சோயா களஞ்சியத்தின் எடைமேடைக்கு
வாங்குபவர் தரப்பில் லாக்ஹார்ட் வந்தான்.
தாள்களை இருமுறை புரட்டினான்.
நான்கு டன் குறைகிறது.
'வீ' எங்கோ தவறிவிட்டோம், என்றான்
மிக மென்மையாக.
மேலாளர் தலையாட்டினார்.
லாரிக்காரர்கள் தொப்பியைக் கையில் எடுத்தார்கள்.
சீட்டுக் கட்டைப் பிடித்தபடி நிமியா
'டூ'வை முன்னால் அவிழ்த்துவிட்டுக் கேட்டாள்:
நீங்கள் சொல்லும் 'வீ',
என்னைச் சேர்த்தா, சேர்க்காமலா?

அந்தச் சொல்லைத் திறந்து பார்க்கும் தேவை
அவனுக்கு நேர்ந்ததே இல்லை.
பள்ளியின் முதல் நாள் போல நின்றான்.
பிறகு,
துறைமுகத்துத் தராசையும் பார்க்கலாம் என்றான்.
யார் பார்ப்பது என்று சொல்லவில்லை.

வியாழன் இரவு கதையைக் கேட்ட லெயாந்த்ரோ
வாக்கியத்தைத் தேற்றாமலே கேட்டான்,
குரலை மட்டும் தூக்கி, 'டூ' இல்லாமல்:
அப்படியானால் எதைத்தான் சொன்னான்?

நீங்கள் என்றுதான், என்றாள் நிமியா.
அதற்கும் அவர்களிடம் அதே சொல்தான்.

கீழே யாரோ
டயருக்குக் காற்றடிக்கத் தொடங்கினார்கள்.